பஃபர் யார் கையில் இருக்கிறது?

மெய்நிகர் சாதனங்களுக்கான விர்ட்டியோ வரையறையைப் படிக்கத் தொடங்குபவர் முதலில் இடறுவது இரண்டு சொற்களில்: 'அவைலபிள்', 'யூஸ்ட்'. மெய்நிகர் கணினிக்குள் ஓடும் டிரைவரும், அதற்கு வட்டாகவோ நெட்வொர்க் அட்டையாகவோ காட்சி தரும் டிவைஸும் நினைவகத்தில் ஒரு வரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன. டிரைவர் கொடுத்த பஃபர் 'அவைலபிள்'. டிவைஸ் வேலையை முடித்துத் திருப்பியது 'யூஸ்ட்'. அயர்ன் கடையில் போட்ட துணி, தேய்த்து வந்த துணி என்ற அளவுக்கு எளிய விஷயம்தான். ஆனால் 'அவைலபிள்' என்றதும் எடுத்துக்கொள்ளலாம் என்றே டிரைவர் எழுதுபவருக்குத் தோன்றும். அதுவோ அவர் அப்போது கைவைக்கக் கூடாத பஃபர். 'யூஸ்ட்' என்பதும் பயன்பாட்டில் இருப்பதுபோல ஒலிக்கிறது. பொருளோ, முடிந்துவிட்டது என்பது.

விர்ட்டியோவை உருவாக்கிய ரஸ்டி ரஸ்ஸல் 2008இல் எழுதிய கட்டுரையிலேயே உள்ள இந்தச் சொற்களை, 2019இல் வந்த வரையறையின் 1.1 பதிப்பு பாதி திருத்தியது. வரிசையின் பகுதிகளுக்கு 'டிரைவர் ஏரியா', 'டிவைஸ் ஏரியா' என்று எழுதுபவரை வைத்துப் பெயரிட்டது. இது வெறும் பெயர் மாற்றமில்லை. பழைய அமைப்பில், வேலை முடிந்ததைச் சொல்லும் அறிவிப்பு வேண்டாம் என்று டிரைவர் வைக்கும் கொடி, அது எழுதும் அவைலபிள் வளையத்தில் இருக்கிறது. யூஸ்ட் பற்றிய கொடிக்கு அவைலபிளில் என்ன வேலை என்று குழம்பாதவர் குறைவு. டிரைவர் தன் விருப்பத்தைத் தன் பகுதியில் எழுதுகிறது என்றால் குழப்பமே இல்லை. நல்ல பெயர் செய்யவேண்டிய வேலை இது.

தெளிவின்மைக்கு விலையும் உண்டு. டிவைஸ் எழுதும் யூஸ்ட் வளையத்தின் ஒவ்வொரு பதிவும் 8 பைட். அதில் பாதி 'நீளம்' என்ற புலம். டிவைஸ் எழுதிய பைட்டுகளின் எண்ணிக்கை அது. 1.0 பதிப்பின் விளக்கமோ டிஸ்கிரிப்டர் (பஃபரின் முகவரியும் அளவும் கொண்ட பதிவு) சங்கிலியின் மொத்த நீளம் என்று தொடங்குகிறது. பல டிரைவர்கள் அந்த நீளத்தைப் பார்க்காமல் விட்டன, அதனால் பல டிவைஸ்கள் தவறாக நிரப்பின என்று வரையறையே ஒப்புக்கொள்கிறது. காரணம் சொல் மட்டும் என்று சொல்லமாட்டேன். ஆனால் 1.0இன் அந்த விளக்கம் உதவவில்லை.

பழைய நிரல்கள் இருக்கின்றனவே, பெயரை எப்படி மாற்றுவது என்பார்கள். இந்தச் சிரமம் பொய்யில்லை: நினைவக முகவரி வழியே டிவைஸை அணுகும் எம்எம்ஐஓவில் 0x090 ரெஜிஸ்டருக்கு 1.1 வைத்த பெயரில் 'டிரைவர்' வருகிறது, லினக்ஸ் தலைப்புக் கோப்பில் இன்னும் 'அவைல்'. தேடுபவர் இரண்டையும் தெரிந்துவைக்க வேண்டும். ஆனாலும் பெயர் மாறியதால் எந்த பிட்டும் நகரவில்லை, எந்த டிரைவரும் நிற்கவில்லை.

ஆகவே 1.1இன் திசை சரி என்பதே என் முடிவு. மன்னிக்க முடியாதது அதே பதிப்பில் புதிதாக வந்த, இருவரும் ஒரே டிஸ்கிரிப்டர் வளையத்தில் எழுதும் பேக்டு அமைப்பு. காப்பாற்றவேண்டிய பழைய நிரல் ஒன்றும் இல்லாத இடத்திலும் டிஸ்கிரிப்டர் கொடிகளில் 7ஆம் பிட்டுக்கு 'அவைல்', 15ஆம் பிட்டுக்கு 'யூஸ்ட்' என்றே பெயர் வைத்தார்கள். வளையத்தை முதல் முறை சுற்றும்போது, கொடுத்த டிஸ்கிரிப்டரில் அவைல் 1, யூஸ்ட் 0. அடுத்த சுற்றில் அதே நிலைக்கு அவைல் 0, யூஸ்ட் 1. இரண்டும் சமமாக இருந்தால்தான் வேலை முடிந்தது. பெயரைப் பார்த்து நிரல் எழுதியவருக்கு முதல் சுற்று சரியாக ஓடும். இரண்டாம் சுற்றில் வரிசை நின்றுவிடும்.