உலர்ந்தது இரவில், ஈரமானது காலையில்

இரவில் ஒரு கண்ணாடிக் குப்பியில் ஓட்ஸ், பால், பழத்துண்டு, தேன் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் கரண்டியோடு உட்கார்ந்துவிடலாம். மாம்பழப் பாயசம் போல, கேரட் அல்வா போல என்று இந்த ஓவர்நைட் ஓட்ஸுக்கு விதவிதமான செய்முறைகள் உண்டு. அடுப்பு வேண்டாம், பக்கத்தில் நின்று கிளற வேண்டாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. ஆனால் காலையில் மூடியைத் திறந்தால் பெரும்பாலும் கறுத்த வாழைப்பழமும் நீர்விட்ட மாம்பழமும் கலந்த ஒரு கூழ்தான் இருக்கிறது. பாயசத்தின் பெயர் இருக்கும், பாயசம் இருக்காது. இதற்குத் தானியத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. எல்லாவற்றையும் ஒரே வேளையில் போட்டதுதான் கோளாறு. அடுப்பை விலக்கிவிட்ட சமையலில் சமைப்பவர் கையில் மிஞ்சுவது எதை எப்போது சேர்ப்பது என்ற வரிசை ஒன்றுதான். அந்த வரிசையைக் காவிரிக் கரை அடுக்களை நெடுநாளாகக் கையில் வைத்திருக்கிறது. அதன்படி செய்தால் இந்தக் கிண்ணம் அவசரச் சாப்பாடு என்ற நிலையைத் தாண்டி ரசித்துச் சாப்பிடும் பண்டமாகிவிடும் என்பது என் கட்சி.

முதலில் தானியம். ஓட்ஸை வேகவைக்காமல் ஊறவைத்தே உண்ண முடிவதற்குக் காரணம், அது ஏற்கெனவே அரைவேக்காடு ஆகிவிட்டது என்பதே. ஆலையில் ஆவி காட்டி, உருளைகளுக்கிடையே நசுக்கித்தான் அதைத் தகடாக்குகிறார்கள். நெல்லுக்கு இதே வேலையைச் செய்தால் கிடைப்பது அவல். நெல்லை ஊறவைத்து, நீரை வடித்து, சூடான சட்டியில் வறுத்து, சூடு ஆறுவதற்குள் இடித்தோ ஆலையில் கொடுத்தோ தட்டையாக்குகிறார்கள். உள்ளே இருக்கும் மாவுச்சத்து ஈரத்திலும் சூட்டிலும் அப்போதே வெந்துவிடுகிறது. பிறகு அதற்குத் தேவை நீர் மட்டும்தான். ஆகவே ஓட்ஸ் விளையாத தஞ்சைச் சீமையில் ஊறவைத்த காலைப் பண்டத்துக்கு நேரான தானியம் அவல். ஆனால் எந்த அவல் என்பதில் கறாராக இருக்க வேண்டும். மெல்லிய வெள்ளை அவல் நீர் பட்ட சில நிமிடத்தில் குழைந்துவிடும். ஓர் இரவு விட்டால் பசைதான். கெட்டி அவல் வேண்டும். அதிலும் மாப்பிள்ளைச் சம்பா போன்ற சிவப்பு நெல்லின் அவல் என்றால் இரவு முழுதும் ஊறிய பிறகும் பல்லுக்குக் கொஞ்சம் வேலை வைக்கும். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006 முதல் நடத்திய நெல் திருவிழாக்களால் இந்த ரகங்கள் மறுபடி வயலுக்கு வந்தன. 2018இல் அவர் மறைந்தார். அவர் மீட்டுக்கொடுத்த நெல் இன்று கடை அலமாரியில் அவலாகவும் கிடைப்பது ரசிகனுக்குக் கிடைத்த அனுகூலம்.

இனி வரிசை. ஆடிப்பெருக்கன்று திருவையாற்றுப் படித்துறையிலும் மற்றக் கரைகளிலும் காவிரிக்குப் படைக்கும் காப்பரிசியைப் பாருங்கள். அடுப்பே தொடாத இனிப்பு அது. பச்சரிசியை முதலில் தண்ணீரில் ஊறவைப்பார்கள். நன்றாக ஊறி வடித்த பிறகுதான் வெல்லம் சேரும். எள், பொட்டுக்கடலை, தேங்காய் எல்லாம் அதற்குப் பின்னால். அரிசியையும் வெல்லத்தையும் ஒன்றாக ஊறப்போடுகிறவர் கிடையாது. பாயசத்திலும் இதே கதைதான். அரிசி குழைய வெந்த பிறகு வெல்லப்பாகு, கடைசியில் இறக்கும் தறுவாயில் கெட்டித் தேங்காய்ப்பால், இறக்கிய பின் ஏலம். வெல்லத்தை முந்திப் போட்டால் அரிசி அப்புறம் எத்தனை நேரம் கொதித்தாலும் விறைத்தே நிற்கும் என்பது எந்தப் பரிசாரகருக்கும் தெரியும். தானியத்துக்குப் போக வேண்டிய நீரை இனிப்பு தன் பக்கம் பிடித்துவைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான் விஷயம். இது அடுப்புக்கு மட்டுமான விதி இல்லை, குளிரிலும் செல்லும். இரவிலேயே தேனையும் நாட்டுச் சர்க்கரையையும் கொட்டிய கிண்ணத்தில் அவல் நடுவில் நரநரவென்று இருப்பதும், சுற்றிலும் இனிப்புத் தண்ணீர் நிற்பதும் இதனால்தான்.

இதிலிருந்து ஒரு விதி எடுக்கலாம்: உலர்ந்தவை இரவில், ஈரமானவை காலையில். உலர்ந்தது குடிக்கும், ஈரமானது கக்கும். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் எட்டு மணி நேரம் விட்டால் பழத்தின் சாறு தானியத்துக்குள் போய், பழம் சக்கையாகவும் தானியம் புளித்த வாடையோடும் முடியும். ஆகவே இரவுக்கு உரியவை: இரண்டு முறை அலசி வடித்த கெட்டி அவல் ஒரு பங்கு, காய்ச்சி ஆறிய பால் ஒன்றரைப் பங்கு, சிட்டிகை உப்பு, உலர் திராட்சை, கீறிய பேரீச்சை, தட்டிப்போட்ட ஏலக்காய். பாலில் கொழுப்பு இருப்பதால் ஏலத்தின் மணம் இரவெல்லாம் மெல்ல இறங்கும். பொடித்துத் தூவுவதைவிட இது அமைதியான மணம். காலையில் தோலை எடுத்துவிடலாம். உப்பை மறப்பவர்கள் அதிகம். சர்க்கரைப் பொங்கலில் ஒரு கல் உப்பு செய்யும் உபகாரம் அறிந்தவர்கள் மறக்க மாட்டார்கள். வெல்லம் உலர்ந்ததாயிற்றே என்று கேட்டால், விதிக்கு அது விலக்கு. காரணம் மேலே சொன்னதுதான். பாகாகக் காய்ச்சி வடித்துக் காலையில் ஒரு கரண்டி. தேங்காய்ப்பாலும் காலைக்குத்தான். குளிரில் அதன் கொழுப்பு மேலே உறைந்து கட்டியாகிவிடும். இரவில் இறுகியிருக்கும் அவலைக் காலையில் பிழிந்த முதல் பால் தளர்த்தி இளக்குவதைப் போல வேறெதுவும் செய்யாது. சியா விதை தேடி அலைய வேண்டியதில்லை. சர்பத்துக் கடையில் கிடைக்கும் சப்ஜா விதை கால் மணி நேரத்தில் ஊறி வழவழப்பைக் கொடுத்துவிடும். பழத்தில்தான் ரசனைக்கு உண்மையான வேலை. பூவன் வாழைக்கு இனிப்போடு ஒரு புளிப்பு இழையும் உண்டு, அதனால் பாலின் மந்தத்தை வெட்டும். கற்பூரவல்லி தேனாக இருக்கும், சதை கெட்டி, துண்டுகள் உருவம் கலையாமல் நிற்கும். அதைப் போட்டால் வெல்லமே தேவையில்லை. மணத்தில் ரஸ்தாளியை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பழுத்ததும் சீப்பிலிருந்து தானே உதிரும் அளவுக்கு மென்மை, அறுத்த கையோடு சாப்பிட வேண்டும். மாம்பழத்தைத் துண்டாகப் போடுவதானால் காலையில், கூழாக அடித்தால் இரவிலேயே தயிரோடு கலக்கலாம். அப்போது அது பழமாக இல்லை, ஊறல் நீராகிவிடுகிறது. பண்ணுருட்டிப் பலா இரவு தாங்கும், சிவப்பு அவலும் சுக்கும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தால் பலாப்பழப் பாயசத்தின் சாயல் அப்படியே வரும். மறுநாள் ஃப்ரிட்ஜில் உள்ள மோரும் சட்னியும் பலா வாசம் வீசும், அதற்குச் சம்மதமானால் சரி. அன்னாசியைப் பாலோடு இரவில் விடவே கூடாது. அதிலுள்ள புரோமலைன் என்ற நொதி பாலின் புரதத்தை அரித்துக் கசப்பாக்கிவிடும்.

விடிந்ததும் விடியாததுமாக இனிப்பா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஊறவைத்த தானியத்தையும் பழத்தையும் சேர்த்து மேற்கில் பிரபலமாக்கியவர் சுவிட்சர்லாந்து மருத்துவர் மாக்ஸ் பிர்ச்சர் பென்னர். 1904இல் சூரிச்சில் தொடங்கிய தன் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு அவர் கொடுத்த கிண்ணத்தில் பன்னிரண்டு மணி நேரம் ஊறிய ஓட்ஸ் ஒரே ஒரு கரண்டிதான். அதன்மேல் தோலோடு துருவிய பெரிய ஆப்பிள் ஒன்று, எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் கெட்டிப்பால், பருப்பு. ஆப்பிளைப் பரிமாறும் முன்பு உடனுக்குடன் துருவ வேண்டும் என்பதும் அவர் முறை. அதாவது மூலக் கிண்ணத்தில் பழம் தலைவி, தானியம் தோழி. இரவு தானியத்துக்கு, காலை பழத்துக்கு. பின்னால் வந்தவர்கள்தான் விகிதத்தைத் தலைகீழாக்கி, சப்பென்று ஆனதைச் சரிக்கட்டச் சர்க்கரையைக் கூட்டினார்கள். இனிப்புப் பண்டத்திடமிருந்து கடன் வாங்க வேண்டியது அதன் மணத்தையும் கொழுப்பையும் சேர்மான வரிசையையும். சர்க்கரையை அதனிடமே விட்டுவிடலாம். பழநிப் பஞ்சாமிர்தம் மட்டும் பழத்தை முன்கூட்டியே பிசைந்துவைத்துக் கெடாமல் நிற்கிறதே என்றால், அது நீர் குறைந்த விருப்பாச்சி மலைவாழையாலும் சர்க்கரையின் மிகுதியாலும் நடக்கிறது. விரல்நுனியில் தொட்டு நாவில் வைக்கும் பிரசாதத்துக்கு அது சரி, கிண்ணம் நிறையச் சாப்பிடும் காலைப் பண்டத்துக்குக் கட்டாது.

ஓட்ஸுக்காக வாதாடுபவர்கள் கையில் இன்னும் வலுவான ஆயுதம் உண்டு. அதில் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார் இருக்கிறது. ரத்தக் கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும் என்பது நிறுவப்பட்ட செய்தி, ஊறிய ஓட்ஸுக்கு வரும் வழவழப்பும் அதனால்தான். அரிசியில் அந்த வகை நார் கிடையாது. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான், சர்க்கரை நோய் உள்ளவர் அவலின் அளவைப் பார்த்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்து. ஆனால் அந்த வழவழப்பே பழத்தின் எதிரி என்பது நாவின் தீர்ப்பு. ஓட்ஸ் எல்லாச் சுவையையும் ஒரே குழைவுக்குள் இழுத்துக்கொள்கிறது, அவல் தனித்தனியாக நின்று மாம்பழத்தை மாம்பழமாகவே விடுகிறது. பழைய சோறு இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பவர்களோடு சண்டையில்லை. அது நுண்ணுயிர் புளிக்கவைத்த வேறு கலை. சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் கேட்பது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் மட்டும் சொல்லலாம். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், சித்திரை வெயிலில், பாலில் ஊறிய அவல் விடிவதற்குள் திரிந்துவிடும். கட்டுச்சோற்றுக்குச் செய்வது போல வெதுவெதுப்பான பாலில் ஒரு துளி தயிர் விட்டு அவலின்மேல் ஊற்றினால், காலையில் அது தயிராகவே உறைந்திருக்கும். மாதுளை முத்துக்கும் திராட்சைக்கும் பாலைவிடத் தயிர்தான் தோது.

காலையில் பழம் நறுக்கத்தான் வேண்டுமென்றால் சுலபம் என்பது எங்கே போயிற்று என்ற கேள்வி மிச்சம். மாம்பழத்துக்கும் மாதுளைக்கும் அது செல்லும். அவற்றை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம். வாழைக்குச் செல்லாது. கத்தியே வேண்டாம், உரித்துக் கையாலேயே கிள்ளிப் போடுவதற்கு ஒரு நிமிடம் பிடித்தால் அதிகம், அந்த நேரத்தில் டிகாக்‌ஷன்கூட இறங்கியிருக்காது.