இயல் வரிசை உணர்த்தும் இறையியல்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பர் 21 அன்று வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில் எட்டு இயல்கள் உள்ளன. அவற்றின் வரிசையே ஒரு போதனை என்போம். 1963-ஆம் ஆண்டு வரைவில் ஆட்சியமைப்பு முன்னும் இறைமக்கள் பின்னும் நின்றனர். சங்கத் தந்தையர் அதை மாற்றினர்: முதலில் மறைபொருள், அடுத்து இறைமக்கள், அதன் பின்னரே ஆயர் பணி. திருமுழுக்கு அனைவருக்கும் பொது; குருத்துவம் அம்மக்களுக்கான பணி என்பதே இதன் உட்பொருள்.

ஆயினும் ஒரு குறை. நான்காம் இயல் பொதுநிலையினரைக் குருக்களும் துறவியரும் அல்லாதோர் என்றே அறிமுகப்படுத்தத் தொடங்குகிறது. பின்னரே அவர்தம் அழைப்பை விளக்குகிறது. நாமும் 'திருச்சபை என்ன சொல்கிறது?' என வினவி, நம்மை வெளியே நிறுத்திக்கொள்கிறோம். ஏட்டை ஏற்றோம், அதன் வரிசையை ஏற்றோமா?