வணங்கியதும் வார்த்துக் கொடுத்ததும்

ஜப்பானிய வெண்கலச் சிற்பங்களைப் பற்றிய பேச்சில் ஒரு தீர்ப்பு திரும்பத் திரும்ப வருகிறது: கோயிலுக்காக வார்த்தது கலை, மெய்ஜி காலத்தில் மேற்கத்தியர் வாங்குவதற்காக வார்த்தது சரக்கு. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் கோயில் பக்கம். 1868-ல் ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரிக்க அரசு உத்தரவிட்டது. பௌத்த ஆலயங்கள் பல சூறையாடப்பட்டன, மான்யங்கள் போயின, விக்கிரகங்கள் விலைக்கு வந்தன. இந்தச் சமயத்தில்தான் பாரிஸ் வங்கி முதலாளி செர்னுஸ்கி அங்கே போய்ச் சேர்ந்தார். தோக்கியோவின் மெகுரோ பகுதியிலிருந்து, நாலு மீட்டருக்கு மேல் உயரமான அமிதாப புத்தரை வாங்கிக் கப்பலேற்றினார். அவர் வீடு 1898 முதல் மியூசியம். புத்தர் அங்கேதான் அமர்ந்திருக்கிறார். பாதுகாப்பாக இருக்கிறார், சரி. ஆனால் வணங்கப்பட்டவர் பார்க்கப்படுகிறவர் ஆகிவிட்டார். அவரைச் ‘சிற்பம்’ ஆக்கியது வார்த்தவனல்ல, வாங்கியவன். கலை என்று ஜப்பானியர் இன்று சொல்லும் ‘பிஜுத்ஸு’ என்ற சொல்லே 1873 வியன்னா கண்காட்சியின் ஜெர்மன் விதிகளை மொழிபெயர்க்கையில் பிறந்ததுதான். ஆக, ‘தூய கலை’ என்ற பிரிவிலேயே வாங்குகிறவனின் கை இருக்கிறது.

இனிச் ‘சரக்கு’. 1893 சிகாகோ கண்காட்சிக்காக, ஹயாஷி ததமாஸா என்ற கலை வியாபாரியின் ஏற்பாட்டில், சுசுகி சோகிச்சி பன்னிரண்டு வல்லூறுகளைச் செய்தார். படங்களில்தான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றும் வேறு நிலை. இறகுகளின் பேதம் உலோகங்களின் நிறபேதமாக வந்திருக்கிறது. எல்லாம் வேட்டைக்குப் பழக்கிய பறவைகள், தாங்கிகளில் கயிற்றால் கட்டப்பட்டவை. வல்லூறு வேட்டை பிரபுக்களின், சாமுராய்களின் விளையாட்டு. 1876-ல் வாள் தரிப்பதே தடை செய்யப்பட்டு அந்த வர்க்கம் முடிந்துபோயிருந்தது. எஜமானர்கள் இல்லை, கயிறு இருக்கிறது, எதிரே அந்நியக் கூட்டம். சோகிச்சி இதையெல்லாம் எண்ணினாரா என்பது என் பிரச்னை அல்ல. உருவத்தில் இருக்கிறது. பாரிஸ் புத்தருக்கு நேர்ந்ததைப் புத்தர் அறியமாட்டார். அது வெளியிலிருந்து அவர்மேல் வந்து விழுந்தது. வல்லூறுகளிலோ அந்தப் பிரக்ஞை உள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது.

2019-ல் ஜப்பான் அரசு இவற்றை முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அரசாங்க முத்திரை எனக்கு அத்தாட்சி அல்ல. வாங்குகிறவனின் கண்ணை எண்ணிச் செய்ததாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. அந்தக் கண் உருவத்துக்குள் என்னவாக மாறியது என்பதுதான் விமர்சகன் கேட்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்காமல் சரக்கு என்று ஒதுக்குகிறவனும், விலை கேட்டுவிட்டுப் போகிறவனும் ஒரே கடையில்தான் நிற்கிறார்கள்.