மொட்டைமாடியில் உருகும் ஈயம்

தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் பக்கமிருந்து ஞாயிறு விடிவதற்குள் வண்டலூர்-கேளம்பாக்கம் சாலையைப் பிடித்துக் கோவளத்துக்கும் முட்டுக்காட்டுக்கும் தூண்டில் போடக் கிளம்புகிறவர்கள் கூட்டம் பெருத்துவிட்டது. அவர்களுக்குள் இப்போது ஒரு வீம்பும் சேர்ந்திருக்கிறது: கடைச்சாமானைத் தொடுவதில்லை, எல்லாம் சொந்தக் கைவேலை. அந்தக் கைவேலையின் உச்சமாக அவர்கள் எடுத்துக் காட்டுவது தாங்களே உருக்கி வார்த்த ஈயக்குண்டு. ஏன் ஈயம் என்று கேட்டால் மலிவு என்பார்கள், மறுசுழற்சி என்பார்கள், கடைசியில் மரபு என்பார்கள். மீனவர்களே காலங்காலமாக வலையில் ஈயம்தானே கோக்கிறார்கள்?

கைவேலையை நான் குறை சொல்ல வரவில்லை. அடிமுனையைச் சாய்வாக அறுத்த பிவிசி குழாய் ஒன்று, விலை உயர்ந்த ராடு ஸ்டாண்டு செய்கிற வேலையைக் கோவளத்து மணலில் அப்படியே செய்கிறது. தேய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டினால் நல்ல தக்கை. அலை பின்வாங்கும்போது ஈரமணலில் கைவிட்டுத் தோண்டியெடுக்கும் எலிப்பூச்சியை விடக் கிழங்கான் மீனுக்கு உகந்த இரை எந்தக் கடையிலும் கிடைக்காது. குண்டு விஷயத்திலும் அவர்கள் கணக்கு புரிகிறது. பாறை இடுக்கில் சிக்கி அறுந்துபோகப் போகிற பொருளுக்கு யார் காசை அழுவார்கள்? கணக்கு சரி. உலோகம்தான் தப்பு.

இந்த ஈயம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்கலாம். ஜிஎஸ்டி சாலை ஓரத்து டயர் கடைகளில் கழற்றிப்போட்ட வீல் பேலன்சிங் கட்டிகள், காயலான் கடையில் எடைக்கு வாங்கும் பழைய குழாய்த் துண்டுகள். இரண்டும் அகப்படாதபோது செத்துப்போன இன்வெர்ட்டர் பேட்டரியை உடைக்கிறார்கள். பேட்டரித் தகட்டில் இருப்பது சுத்த ஈயமாக இருந்தாலே ஆபத்து. அதில் ஈய ஆக்சைடும் ஈய சல்பேட்டும் பசையாக அப்பியிருக்கும், கூடவே ஆன்டிமனி, சிலவற்றில் ஆர்சனிக், அடியில் மிச்சமிருக்கும் கந்தக அமிலம் வேறு. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், தீர்ந்த பேட்டரியைச் சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ ஒப்படைக்கும் பொறுப்பைப் பயன்படுத்துபவர் தலையிலும்தான் வைத்திருக்கின்றன. மொட்டைமாடியில் சம்மட்டியால் உடைப்பதற்கு மறுசுழற்சி என்று பெயர் வைத்தால், திருட்டுக் கரண்டுக்கு மின்சிக்கனம் என்று பெயர் வைக்கலாம்.

வாதம் தெரிந்தவர்கள் வேதியியலைக் கையிலெடுப்பார்கள். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், அந்த வெப்பத்தில் புகையாக எழும் ஈயம் மிகக் குறைவு, ஆகவே பயமில்லை என்பார்கள். முதல் இரண்டும் உண்மைதான். ஆனால் மாடியில் கேஸ் அடுப்பு வைத்து உருக்குகிற எத்தனை பேரிடம் வெப்பமானி இருக்கிறது? சட்டி எவ்வளவு சூடேறியது என்பது யாருக்கும் தெரியாது. அதைவிடப் பெரிய தொல்லை, கண்ணுக்கு நன்றாகவே தெரிகிற ஒன்று. உருகிய ஈயத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஏடு படியும். அதைப் பழைய குழம்புக் கரண்டியால் வழித்துப் பக்கத்தில் தட்டுவார்கள். ஆறியதும் அது தூளாகும். அதில் பெரும்பகுதி ஈய ஆக்சைடு. வார்த்து முடித்து அடுப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம், தூள் அங்கேயே தரையில் கிடக்கும். அந்தத் தரையில்தான் மறுவாரம் வடகம் பிழிந்து காயவைப்பார்கள், பிள்ளைகள் பட்டம் விடுவார்கள். உருக்கியவர் சட்டையோடு ஒட்டிக்கொண்டு வருவது வீட்டுத் துணிகளோடு வாஷிங் மெஷினுக்குப் போகும்.

ஈரமணலில் அச்சு எடுக்கும் அசட்டுத் துணிச்சலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அச்சில் ஈரம் மிச்சமிருந்தால் அது நொடியில் ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். உருகிய உலோகம் மேலே எகிறும், குனிந்து ஊற்றுகிறவர் முகம் நேர்மேலே இருக்கும்.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போன ஈயத்தைப் பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். யூனிசெஃப்பும் பியூர் எர்த் அமைப்பும் 2020இல் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீட்டில், ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஐந்து மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் ஏறிய இந்தியப் பிள்ளைகள் சுமார் 27 கோடி. அந்தக் கணக்கில் தூண்டில்காரர்களின் பங்கு துளிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2000இல் பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுத்தார்கள், 2017இல் வீட்டுப் பெயின்ட்டில் அதைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்று கட்டிப்போட்டார்கள். அரசு இவ்வளவு பாடுபட்டுச் சுவரிலிருந்து சுரண்டிய உலோகத்தை, பொழுதுபோக்குக்காகக் கிலோக்கணக்கில் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். அதுவும் எந்த ஊரில்? தோல் பதனிட்ட ஆலையின் பெயரையே ஊர்ப்பெயராகச் சுமக்கும் குரோம்பேட்டையை அடுத்து. நாகல்கேணி, பல்லாவரம் பக்கம் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்த கதையைத் தலைமுறையாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கன உலோகம் மண்ணுக்குள் போனால் திரும்பி வராது என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டுமா?

நீரில் விழுந்த பிறகும் கதை முடிவதில்லை. தேம்ஸ் போன்ற ஆறுகளில் அன்னங்கள் சிறு ஈயக்குண்டுகளை விழுங்கிச் சாவதைப் பார்த்துத்தான் பிரிட்டன் 1987இல், ஏறக்குறைய 28 கிராம் வரையிலான தூண்டில் ஈயத்தின் விற்பனையைத் தடை செய்தது. டென்மார்க் 2002இல் அதைவிடக் கடுமையாக நின்றது. நாங்கள் வீசுவது நூறு கிராம் குண்டு, எந்தப் பறவை அதை விழுங்கும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதே சட்டியில் வார்க்கும் சிறு மணிகள்தான் மறுநாள் பீர்க்கன்காரணை ஏரியில் ஜிலேபி மீன் பிடிக்கப் போகின்றன, பல்லால் கடித்துத் தூண்டில் நரம்பில் இறுக்கப்பட்டு. பல்லால்! வாத்துகளும் நாரைகளும் இரை தேடும் தண்ணீர் அது. ராம்சர் ஈரநிலப் பட்டியலில் 2022இல் ஏறிய பள்ளிக்கரணையும் வெகுதூரத்தில் இல்லை.

மரபு என்ற வாதம்தான் எனக்கு அறவே ஒவ்வாதது. வீச்சுவலையின் விளிம்பில் ஈயமணி கோத்திருப்பது வாஸ்தவம். ஆனால் வலை மீனவரின் முதல். வீசிய ஒவ்வொரு முறையும் அது கரைக்குத் திரும்பியாக வேண்டும், உதிர்ந்த மணிக்கு அன்றைக்கே மாற்று கோக்க வேண்டும். நம் ஞாயிற்றுக்கிழமைக்காரர் கட்டுவது வேறு மாதிரி. குண்டை மட்டும் மெலிந்த நரம்பில் கட்டுகிறார். பாறையில் சிக்கினால் அது அறுந்து தொலையட்டும், முள்ளும் மீனும் தப்பட்டும் என்று. தந்திரம் நல்ல தந்திரம், நானும் சிபாரிசு செய்வேன். ஆனால் தொலைப்பதற்கென்றே கட்டும் பொருளை விஷத்தில் வார்த்துவிட்டு, பிழைப்புக்காக வலை பின்னுகிறவரை அதற்குச் சாட்சிக்கு அழைப்பது அழகில்லை.

ஈயம் இல்லாவிட்டால் வீச்சு எடுபடாது, வெள்ளத்தில், அதாவது கடல் நீரோட்டத்தில், குண்டு நிற்காது என்பது கடைசி அரண். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு கிராம் ஈயம் கடல்நீரில் மூழ்கினால் சுமார் 91 கிராமாக எடை காட்டும்; நூறு கிராம் இரும்பு சுமார் 87. நான்கு கிராம் வித்தியாசத்துக்குத்தான் இவ்வளவு வக்காலத்து. இரும்புக் குண்டின் விட்டம் எட்டில் ஒரு பங்கு கூடும், காற்று கொஞ்சம் தடுக்கும், வீச்சில் சில மீட்டர் குறையும். நம் கரையில் அது ஒரு நஷ்டமா? சென்னைக்குத் தெற்கே அலை கரையோரத்திலேயே உடைகிறது, தரை சட்டென்று சரிகிறது. கிழங்கான் அந்த முதல் பள்ளத்திலேயே மேய்கிறது. அதன் தலைக்கு மேலே எண்பது மீட்டர் தாண்டி எறிந்துவிட்டு மீன் இல்லை என்று நிற்பவர்களை எல்லா வாரமும் பார்க்கிறோம். வடக்கே இழுக்கும் கோடை வெள்ளத்திலும், தெற்கே இழுக்கும் வடகிழக்குப் பருவத்து வெள்ளத்திலும் குண்டை நிறுத்துவது எடை மட்டுமில்லை. குண்டின் முனையில் நான்கு கம்பிகளை நங்கூரம் போல விரித்துவிட்டால் சாதாரண இரும்பே மணலைக் கவ்வி நிற்கும்.

கைவேலை ஆசைக்கும் பஞ்சமில்லை. இரண்டு அங்குல நீளமுள்ள 16 மில்லிமீட்டர் போல்ட்டு ஒன்று நூறு கிராமை ஒட்டி நிற்கும். திருமுடிவாக்கம் சிட்கோ பட்டறைகளில் தலையில் ஓட்டை போட்டுத் தர எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? மெக்கானிக் கடையில் தூக்கிப்போடும் ஸ்பார்க் பிளக் முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் கொடுவாய், செப்பிலி மீன்களுக்குப் போதும். சிமென்ட் மட்டும் நீரில் எடையைப் பாதிக்குப் பாதி இழந்துவிடும், அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். இரும்பு துருப்பிடிக்குமே என்கிறார்கள். பையில் கிடப்பதற்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். பாறையில் அறுந்துபோனதைக் கடல் அரித்துத் தின்னும், அதில் எனக்கு ஆட்சேபமே இல்லை.