அகுஸ்தீன் சொல்லாதது

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரில் பழைய மாதா கோயிலை 1547இல் பூஷே பாதிரியார் கட்டினார் என்று குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. பூஷே பிறந்ததே 1655இல். ஒருவர் எழுதியதை மற்றவர் நகலெடுத்ததன் விளைவு. வருஷம் பிசகியதில் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. வாக்கியம் பிசகினால் அப்படியில்லை.

ஆவூரோடு சேர்த்துப் பேசப்படும் வீரமாமுனிவருக்கும் தரங்கம்பாடி லுத்தரன் பாதிரிமாருக்கும் நடந்த சர்ச்சையில் பிறந்தவை வேதவிளக்கமும் பேதகமறுத்தலும். இந்தச் சர்ச்சையின் ஐரோப்பிய மூலத்தில் இரு தரப்புக்கும் அகுஸ்தீன் தேவைப்பட்டார். கத்தோலிக்கருக்கு அவர் சபைப் பிதா. லுத்தரோ அவர் பெயரால் அமைந்த துறவற சபையில் இருந்தவர். சாட்சி இறந்து ஆயிரம் வருஷத்துக்கு மேலாகிவிட்டால், சொல்லிக்கொடுத்தபடி சொல்லும்.

ரோமாபுரி பேசிவிட்டது, வழக்கு முடிந்தது என்று அகுஸ்தீன் சொன்னதாக ஒரு பிரமாணம். 417இல் கார்த்தேஜில் அவர் செய்த பிரசங்கத்தில் முதல் பாதி இல்லை. பெலாகியஸ் விஷயமாக ஆப்பிரிக்கச் சபைக் கூட்டங்கள் இரண்டின் முடிவுகள் ரோமுக்குப் போயின, பதிலும் வந்தது, வழக்கு முடிந்தது என்கிறார். உடனே, பிழையும் என்றைக்காவது முடியாதா என்று ஏங்குகிறார். பிரமாணம் செய்தவர்கள் ஏக்கத்தை வெட்டிவிட்டார்கள். வழக்கும் முடியவில்லை. பதில் தந்த போப் இறந்து, அடுத்து வந்த சோசிமஸ் அதே வருஷம் அதைத் திரும்பக் கையிலெடுத்தார்.

சமாதானக்காரர்களும் இதைச் செய்தார்கள். அவசியமானவற்றில் ஒற்றுமை, ஐயமானவற்றில் சுதந்திரம், எல்லாவற்றிலும் அன்பு என்ற சூத்திரமும் அகுஸ்தீன் பேரில் உலவுகிறது. அது 17ஆம் நூற்றாண்டுச் சரக்கு. சொந்தப் பெயரில் சொன்னால் எடுபடாது என்ற பயம் அன்புக்கும் இருந்திருக்கிறது.

யார் சொன்னால் என்ன, கருத்து நல்லதுதானே என்று கேட்கலாம். கெட்டது கருத்தல்ல, அகுஸ்தீன். வயோதிகத்தில் தன் நூல்களை ஒவ்வொன்றாக எடுத்து, தவறியது இங்கே, அவசரப்பட்டது இங்கே என்று தானே திருத்தி ஒரு நூல் எழுதியவர் அவர். அப்படிப்பட்டவரைத் தயக்கமே அறியாத நீதிபதியாக ஆக்கியாயிற்று.

ஔவை தலையில் எத்தனையோ தனிப்பாடல்களை ஏற்றியவர்கள் நாம். நம் விமர்சனத்தில் எலியட்டும் சார்த்தரும் இதே வேலைக்கு அழைக்கப்படுகிறார்கள். மூலத்தில் பார்க்காத வாக்கியத்தை நம் வாக்கியமாகவே எழுதுவோம். தவறானால் அடியை நாமே வாங்கிக்கொள்ளலாம்.