ஆனந்தமயியின் மடியும் மௌனமும்

இரவீந்திரநாத தாகூரின் 'கோரா' 1910-இல் நூலாக வெளிவந்தது. 1857-ஆம் ஆண்டுப் புரட்சியின்போது எடாவாவில் கிருஷ்ணதயாளர் என்னும் வங்க அந்தணரின் இல்லத்தில் அடைக்கலம் புகுந்த ஐரிஷ் மாது ஒருத்தி, ஆண் மகவொன்றை ஈன்று மாண்டாள். அம்மகவைத் தன் மகனாகவே வளர்த்தவள் அவர் மனைவி ஆனந்தமயி. வேற்றினக் குழந்தையை வளர்ப்போர் முதலில் தாம் எதைக் கற்றாக வேண்டும் என்னும் வினாவை இத்துணை ஆழமாக எழுப்பிய இந்திய நாவல் பிறிதொன்றை நாம் அறியோம்.

காசிப் பண்டிதரின் பேர்த்தியாகிய ஆனந்தமயி ஆசாரத்தில் ஊறியவள். குழந்தையை மடியில் ஏந்திய அன்றே, பிறக்கும்போது எவரும் சாதியோடு பிறப்பதில்லை எனத் தெளிந்தாள். கிறித்தவப் பணிப்பெண் லச்சுமியாவின் கையால் நீர் அருந்தவும் அவள் தயங்கவில்லை. அவளைப் போற்றாத திறனாய்வாளர் அரியர். கோராவே இறுதியில் அவளைப் பாரதமாகக் காண்கிறான்.

ஆயினும் நமக்கொரு குறை தோன்றுகிறது. தன்னைத் திருத்திக்கொண்ட அத்தாய், மகனுக்கு அவன் யார் என்பதைச் சொன்னாளில்லை. அவனது அளவிறந்த வெண்ணிறத்தைக் கண்டு கல்லூரிப் பண்டிதர் வெள்ளிமலை என்று அழைத்தார். அந்நிறத்தின் காரணம் அறிந்தோர் இருவரும் வாய் திறக்கவில்லை. மகனோ ஆசாரத்தின் காவலனாகி, லச்சுமியா புழங்கும் தாயின் அறையில் உண்ண மறுக்கிறான். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துச் சிறை புகுகிறான். தன் பிறப்பையே தான் புறந்தள்ளுவதை அவன் அறியான். அறிந்த தாய் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிரிவுக்கு அஞ்சிய அன்பு அது என்பது நமக்குப் புரிகிறது. ஆனால் அந்த அச்சத்தின் விலையைச் செலுத்தியவன் பிள்ளைதான்.

உண்மை வெளிப்படும் முறையோ இதனினும் கொடிது. நோயுற்ற கிருஷ்ணதயாளர், வேற்றினத்தான் தமக்கு ஈமக்கடன் செய்துவிடலாகாதே என்றுதான் வாய் திறக்கிறார். இளமையில் வெள்ளையரோடு கூடி உண்டு குடித்தவர்தாம் இவர்! மகனின் நலம் அவர் நினைவில் இல்லை. தாகூர் இங்கே ஒரு சொல்லும் கடிந்துரையாமல் கதையைச் செலுத்துவது அவர்தம் கலைத்திறனுக்குச் சான்று.

வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களிலும் கலப்பு மணங்களும் சுவீகாரங்களும் உண்டு. குழந்தை கண்ணாடி முன் நின்று தன் நிறத்தைப் பற்றி வினவும் நாளில் விடை சொல்ல, நாம் எத்தனை நாள் முன்னதாக ஆயத்தமாகியிருக்கிறோம்?

நாவலின் முடிவில் கோரா தாயிடம் திரும்பிவந்து, லச்சுமியாவின் கையால் தண்ணீர் கேட்கிறான். தாய் கண்ணீரோடு, நண்பன் பினயனை அழைத்துவர ஆளனுப்பட்டுமா என்கிறாள். அந்த இறுதிக் காட்சியில் இத்தனை ஆண்டு மௌனத்தைப் பற்றி மகனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.