குடைக்குள் ஒரு மாநகரம்

மழையைப் பாடிய புலவர் பலர். மாநகரத்தின் மழையைப் பாடியவர் சிலரே. மழை என்றதும் வயலும் காடும் ஏரியும் நம் நினைவில் எழுகின்றனவே அன்றி, கல் பாவிய தெரு எழுவதில்லை. அத்தெருவின் மழைக்கும் தனியானதொரு தன்மை உண்டு என்று நமக்கு உணர்த்தியது கவிதை அன்று, ஓர் ஓவியம்.

பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கைபோத் 1877-இல் தீட்டிய 'பாரிஸ் தெரு: மழைநாள்' என்பதே அது. ஏறத்தாழ ஏழடி உயரமும் ஒன்பதடி அகலமும் கொண்ட அப்படம் இன்று அமெரிக்காவின் சிக்காகோ கலைக்கூடத்தில் உள்ளது. மூலத்தை நாம் கண்டதில்லை. நல்லதோர் அச்சுப்படியை மேசைமீது வைத்துப் பல நாள் பார்த்திருக்கிறோம். அந்த அளவிலேயே பேசுகிறோம்.

சான் லசார் ரயில் நிலையத்தை அடுத்து, பல தெருக்கள் கூடும் ஒரு சந்தி. நடுவே ஒரு விளக்குக் கம்பம் படத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வலப்புறம் ஓர் ஆணும் பெண்ணும் ஒரே குடையின் கீழ் நம்மை நோக்கி வருகின்றனர். இடப்புறம் பரந்த கல்தரை. அதற்கப்பால் ஆங்காங்கே குடைகள். குடைதோறும் ஒருவர் அல்லது இருவர்.

அரபு அணியிலக்கணத்தில் 'கினாயா' என்றொரு முறை பேசப்படும். ஒன்றை நேரே சொல்லாது, அதை விட்டு நீங்காத விளைவைச் சொல்லி உணர்த்துவது அது. ஒருவனைச் 'சாம்பல் மிகுந்தவன்' என்றால் ஈகையாளன் என்பது பொருள். சாம்பல் மிகுதி அடுப்பு ஓயாமையையும், அடுப்பு ஓயாமை விருந்தினர் வரவையும் காட்டும். மதரஸாவில் ஓதியவர் இவ்வெடுத்துக்காட்டை மறந்திருக்கமாட்டார். கைபோத் செய்திருப்பதும் இதுவே. படத்தில் மழைத்துளி ஒன்றேனும் தீட்டப்படவில்லை. கல்லின் ஈரமும், அதில் படியும் வெளிச்சமும், விரிந்த குடைகளும் மழையைச் சொல்லிவிடுகின்றன. 2014-இல் பழைய மேற்பூச்சை அகற்றித் துப்புரவு செய்த பின்னர், மஞ்சளித்திருந்த வானத்தின் ஒளி தெளிவாயிற்று என்பர். அவ்வொளியே கல்லின்மீது மின்னுகிறது.

இம்மழை தானும் மற்றொன்றுக்குக் கினாயாவாக நிற்கிறது. இதனை உணர, நம் நக்கீரரின் நெடுநல்வாடையை அருகே வைத்துப் பார்க்கலாம். அங்கும் மழையும் வாடையும் சூழ்ந்த ஊர் உண்டு. அகன்ற தெருக்கள் உண்டு. ஆனால் அத்தெருவில் தேறல் மாந்திய ஆடவர் தூறலைப் பொருட்படுத்தாது திரிகின்றனர். மகளிர் பிச்சி மலரும் மணத்தால் மாலைப்பொழுதை அறிந்து விளக்கேற்றுகின்றனர். மனைப்புறாக்கள் இரவும் பகலும் தெரியாது மயங்குகின்றன. மனிதரையும் பறவையையும் ஒரே குளிர் தீண்டுகிறது. பாரிஸின் மழையோ எவரையும் தீண்டுவதில்லை. அவரவர்க்கு ஒரு கூரையைக் கையில் கொடுத்து, ஒருவரை ஒருவர் பாராமல் நடக்கச் செய்கிறது.

இதற்குக் காரணம் மழை அன்று, நகரம். 1853 முதல் 1870 வரை பாரிஸ் பகுதியின் ஆட்சித் தலைவராக இருந்த ஓஸ்மான், நெருங்கிய பழங்குடியிருப்புகளை இடித்து நேரான அகன்ற தெருக்களை அமைத்தார். வெளிச்சமும் காற்றும் வந்தன. ஏழைகள் பலர் நகரின் விளிம்புக்குத் தள்ளப்பட்டனர். 1848-இல் பிறந்த கைபோத் இம்மாற்றத்தினூடே வளர்ந்தவர்.

அப்படியாயின், நனைவோர் எங்கே என்று கேட்கத் தோன்றும். தொலைவில் ஏணி சுமந்து செல்லும் தொழிலாளி ஒருவன் இருக்கிறான். ஊன்றிப் பார்த்தால்தான் தெரிவான்; முன்னிருப்போரின் குடை அவன்மீது கவிந்துள்ளது. செல்வர் வீட்டுப் பிள்ளையான கைபோத் உழைப்பவனை மறந்தார் என்று குற்றம் சாட்டுவோர் உண்டாகலாம். நாம் அதற்கு உடன்படோம். 1875-இலேயே மரத்தரையை இழைக்கும் தொழிலாளரை முன்னிறுத்திப் பெரியதொரு படம் தீட்டியவர் அவர். ஆகவே, அவர் அறியாது இத்தொழிலாளி தொலைவுக்குப் போகவில்லை. அத்தெரு அவனுக்கு அளித்த இடம் அதுவே என்று காட்டுகிறார்.

இனி வலப்புற ஓரத்தைப் பாருங்கள். நமக்கு முதுகு காட்டி, அந்த இணையருக்கு எதிரே ஒருவன் நடந்து செல்கிறான். சட்டம் அவனைப் பாதியாக வெட்டியிருக்கிறது. நடைபாதையில் இடம் குறைவு. அவர்களோ வேறு பக்கம் பார்த்தபடி வருகின்றனர். இன்னும் ஓரடி வைத்தால் குடையும் குடையும் மோதும். எவரேனும் ஒருவர் தம் குடையைச் சாய்த்தே ஆகவேண்டும். அப்போது முகத்தோடு முகம் நோக்கி ஒரு சொல்லேனும் பேசுவரா, பேசாது விலகுவரா? ஓவியர் அதனைச் சொல்லவில்லை. மழைநாளில் நாமும் குடையை விரித்துக்கொண்டுதான் தெருவில் இறங்குகிறோம். விடையை நம் நடையிலிருந்தே நாம் அறியவேண்டும்.